ராபிட் செஸ்: இரண்டு முறை ஜெயித்த இருவர்

சதுரங்கம் என்றாலே தாடையில் கை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் யோசிக்கும் ஆட்டம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ராபிட் செஸ் அப்படி இல்லை. இன்றைய உலகப் போட்டியில் ஒரு ஆட்டக்காரரின் கையில் உள்ள முதல் 15 நிமிடம். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் வட்டி மாதிரி 10 விநாடி சேரும். அவ்வளவுதான்! பாவூர்சத்திரத்தில் பஸ் ஏறி குற்றாலம் போய் இறங்குவதற்குள் ஒரு ஆட்டம் முடிந்துவிடும்.

அப்படியானால் இது சின்னப் பையன்களின் ஆட்டம்தானே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். 2021-ல் உலக ராபிட் பட்டம் வென்ற உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவுக்கு வயது 17. 2024-ல் வென்ற ரஷ்யாவின் முர்சினுக்கு வயது 18. ஆனால் இந்தியாவுக்கு ராபிட் உலகப் பட்டம் கொண்டுவந்த இருவரின் கதை வேறு மாதிரி.

முதலாமவர் நம்ம சென்னை விஸ்வநாதன் ஆனந்த். சிறுவயதில் சென்னை தால் செஸ் கிளப்பில் வேக ஆட்டங்கள் ஆடி வளர்ந்தவர். 1986-ல் 16 வயதிலேயே தேசிய சாம்பியன். காய்களை நகர்த்தும் வேகத்தைப் பார்த்து 'மின்னல் சிறுவன்' என்றே பெயர் வைத்தார்கள். 2003-ல் பிரான்சில் நடந்த உலக ராபிட் போட்டியின் இறுதியில் கிராம்னிக்கை வென்று பட்டம் பெற்றார்.

அதன்பின் காலம் மாறியது. 2013-ல் சொந்த ஊரான சென்னையிலேயே கார்ல்சனிடம் உலக சாம்பியன் பட்டத்தை இழந்தார். 2014-ல் சோச்சியில் மறுபடியும் தோல்வி. ஆனந்த் ஓய்வு பெறலாமே என்ற பேச்சு வந்தது. 2017 டிசம்பரில் ரியாத்தில் உலக ராபிட் போட்டி. ஆனந்துக்கு வயது 48. ஒன்பதாவது சுற்றில் கறுப்புக் காய்களுடன் ஆடி அதே கார்ல்சனைத் தோற்கடித்தார்! 15 சுற்றுகளில் ஒரு தோல்விகூட இல்லை. டைபிரேக்கரில் ஃபெடோசீவை 2-0 என வென்று, 14 வருடம் கழித்து மீண்டும் சாம்பியன் ஆனார்.

இரண்டாமவர் ஆந்திராவின் கோனேரு ஹம்பி. குழந்தை பிறந்ததால் ஆட்டத்தை நிறுத்தி வைத்திருந்தவர், 2018-ல்தான் திரும்பினார். அடுத்த வருடமே மாஸ்கோவில் பெண்கள் ராபிட் உலகப் பட்டம். 2024-ல் நியூயார்க்கில் முதல் சுற்றிலேயே தோற்றார். அத்தோடு முடிந்தது என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். 11 சுற்றுகளில் 8.5 புள்ளிகள் எடுத்து மறுபடியும் சாம்பியன். அப்போது அவருக்கு வயது 37. 18 வயது முர்சின் ஆண்களும் ஆடும் பொதுப்பிரிவில் வென்றதும் இதே போட்டியில்தான் என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

இது எப்படி முடிகிறது? வேக ஆட்டத்தில் எல்லாவற்றையும் கணக்குப் போட்டுப் பார்க்க நேரம் கிடையாது. பலகையைப் பார்த்த உடனே, இது முன்பு பார்த்த நிலை மாதிரி இருக்கிறதே என்று தோன்ற வேண்டும். ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் ஆடியவருக்கு அது சீக்கிரம் தோன்றும். இளம் வயதின் சுறுசுறுப்பை அந்த அனுபவம் ஓரளவு ஈடுகட்டுகிறது.

இளையவர்களும் சும்மா இல்லை. 2022-ல் அல்மாட்டியில் சென்னையின் சவிதா ஸ்ரீ 15 வயதில் பெண்கள் ராபிட்டில் வெண்கலம் வாங்கினார். அவர் இன்னும் பல வருடம் ஆடலாம். ஆனந்தும் ஹம்பியும் காட்டியபடி பார்த்தால், அவசரமே இல்லை!