போட்டியாளரை வளர்க்கும் சங்கம்

ஒரே தொழில் செய்கிறவர்கள் ஒன்றுகூடினால் கடைசியில் விலையை ஏற்றத்தான் வழி பார்ப்பார்கள் என்று 1776-லேயே ஆடம் ஸ்மித் சந்தேகப்பட்டார். எங்கள் பி.காம். வகுப்பிலும் வணிகச் சங்கம் என்றதும் இந்தப் பேச்சுதான் முதலில் வரும். ஆனால் லண்டன் நாடகத் தொழிலில் நடந்தது கொஞ்சம் வேறு கதை. அங்கே பழைய முதலாளிகள் தங்கள் வசூலிலிருந்து பணம் எடுத்து வைத்து, நாளை தங்களுக்கே போட்டியாக வரப்போகிறவரைத் தயார் செய்கிறார்கள். இதில் தர்மம் எவ்வளவு, கணக்கு எவ்வளவு?

வெஸ்ட் எண்ட் என்பது லண்டனின் நாடக அரங்குகள் நிறைந்த பகுதி. இங்கே நடப்பவை பெரும்பாலும் அரசு மானியம் இல்லாத வணிக நாடகங்கள். தயாரிப்பாளர் பத்துப் பேரிடம், நூறு பேரிடம் பணம் திரட்ட வேண்டும். அப்படிப் போடுகிறவர்களுக்கு 'ஏஞ்சல்' என்று பெயர் (ஸ்டார்ட்-அப் உலகில் ஏஞ்சல் இன்வெஸ்டர் என்கிறோமே, அந்தச் சொல் நாடகத்திலிருந்து போனதுதான்). நாடகம் ஓடாவிட்டால் போட்ட பணம் போனதுதான். மேடை அலங்காரத்தை விற்றுக் கடன் அடைக்க முடியாது :-)

1908-இல் நடிகரும் அரங்க உரிமையாளருமான சார்லஸ் விண்டம் முன்னின்று வெஸ்ட் எண்ட் அரங்க நிர்வாகிகளுக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார். இன்றைய லண்டன் தியேட்டர் சொசைட்டி அதன் தொடர்ச்சி. நடிகர் சங்கமான ஈக்விட்டியோடு சம்பளம், வேலை நேரம் எல்லாம் பேசி முடிப்பது இந்தச் சங்கம்தான். முதல் நாடகம் போடுகிறவர் ஒவ்வொரு நடிகரோடும் சுழியத்திலிருந்து பேரம் பேச வேண்டியதில்லை. வெளியே தெரியாத உதவி இது.

ஆனால் பணத்துக்கு எங்கே போவது? 1969-இல் கேமரன் மேக்கின்டாஷ் என்ற 23 வயது இளைஞர் 'எனிதிங் கோஸ்' என்ற இசை நாடகத்தை வெஸ்ட் எண்டுக்குக் கொண்டுவந்தார். 27 காட்சிகளோடு மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. கிட்டத்தட்ட நம்ம வயசு! அவர் எப்படியோ தாக்குப்பிடித்தார். அந்த அடியோடு தொழிலை விட்டே போனவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

1976-இல் தியேட்டர் இன்வெஸ்ட்மென்ட் ஃபண்ட் என்ற நிதி உருவானது. பின்னாளில் அதன் பெயர் ஸ்டேஜ் ஒன். சங்கத்தின் கிளை இல்லை, தனி அறக்கட்டளை. ஆனால் பணம் அதே தொழிலிலிருந்துதான் வருகிறது. ஓடுகிற நாடகங்கள் தாமாக முன்வந்து ஒரு சிறு பங்கைக் கொடுக்கின்றன. நம்ம ஊர் வியாபாரிகள் 'மகமை' என்பார்களே, கிட்டத்தட்ட அதுவே. அந்தப் பணத்தில் புதியவர்களுக்குப் பட்டறை, உதவித்தொகை, அனுபவசாலிகளின் அலுவலகத்தில் பயிற்சி, முக்கியமாக அவர்களின் நாடகத்திலேயே முதலீடு. பட்டறையைவிட முதலீடுதான் பெரிய விஷயம் என்பது என் கட்சி. தொழில்காரர்களே பணம் போட்டிருக்கிறார்கள் என்றால் அடுத்த ஏஞ்சலுக்கும் தைரியம் வருமல்லவா?

இப்போது கணக்குக்கு வருவோம். அரங்க உரிமையாளரின் வருமானம் தயாரிப்பாளர் கொடுக்கும் வாடகையை நம்பியிருக்கிறது. பூட்டிக் கிடக்கும் அரங்குக்கும் பராமரிப்புச் செலவு உண்டு. இன்றிரவு விற்காத இருக்கையை நாளை விற்க முடியாது, மாலைச் சந்தையில் மிஞ்சிய கீரை மாதிரி. 1980-இல் லெஸ்டர் சதுக்கத்தில் சங்கம் அரைவிலை டிக்கெட் கூண்டு திறந்ததும் இதே கணக்கில்தான். (நியூயார்க்கில் 1973-லேயே அப்படி ஒன்று வந்துவிட்டது, ஆனால் அதைத் திறந்தது லாபநோக்கற்ற வேறொரு அமைப்பு. அங்கே பிராட்வே சங்கம் 1930-இல் தொடங்கியதே பிளாக் டிக்கெட்டை ஒழிக்கத்தான்.) ஆக, புதிய தயாரிப்பாளர் மற்றத் தயாரிப்பாளர்களுக்குப் போட்டி, அரங்குக்காரருக்கோ வாடிக்கையாளர். இருவரும் ஒரே சங்கத்தில் இருப்பதால்தான் இந்த ஏற்பாடு நடக்கிறது.

மேக்கின்டாஷ் 1981-இல் 'கேட்ஸ்' தயாரித்தார். அதற்கும் முதலீட்டாளர் கிடைக்காமல் திண்டாட்டம்தான். நாடகம் லண்டனில் 21 வருடம் ஓடியது. பிற்பாடு அவர் வெஸ்ட் எண்டில் எட்டு அரங்குகளுக்குச் சொந்தக்காரரானார். அந்த எட்டையும் நிரப்ப யாராவது நாடகம் கொண்டுவந்துகொண்டே இருக்க வேண்டும்.