பாலாற்றிலிருந்து பசுமைத் தீர்ப்பாயம் வரை

சுற்றுச்சூழல் வழக்குகளுக்குத் தனி நீதிமன்றம் வேண்டும் என்று இந்தியாவில் அழுத்தமாக வலியுறுத்தியவர்கள் நீதிபதிகள். 1985 டிசம்பரில் டெல்லி ஸ்ரீராம் ஆலையில் ஓலியம் வாயு கசிந்தது. அவ்வழக்கை விசாரித்த உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி பி. என். பகவதி, ஒரு நீதிபதியும் இரு சூழலியல் வல்லுநர்களும் அமரும் மண்டல நீதிமன்றங்களை அமைக்கலாம் என 1986இல் யோசனை கூறினார். அது செயலுக்கு வர 24 ஆண்டுகள் ஆயின. 1995இல் தேசியச் சுற்றுச்சூழல் தீர்ப்பாயத்துக்குச் சட்டம் வந்தது, தீர்ப்பாயம் வரவில்லை. 1997 சட்டத்தின்படி அமைந்த மேல்முறையீட்டு ஆணையத்தின் தலைவர் பதவி பல ஆண்டுகள் காலியாகவே கிடந்தது.

இந்த இடைவெளியில்தான் வேலூர் வழக்கு வருகிறது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றில் கலந்து, ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பாழானது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்துவோரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று தீர்ப்பளித்தது. தன் தொழிலால் கேடில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் தொழில் நடத்துபவர்மேல் விழுந்தது. அதுவரை அந்தச் சுமையைப் பெரிதும் தாங்கியவர்கள் கிணறு கெட்டுப்போன உழவர்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு அமைக்கவும் அத்தீர்ப்பு வழிசெய்தது.

அறிவியல் சிக்கல் மிகுந்த வழக்குகளுக்கு வல்லுநர் துணை தேவை என்று 1999இல் ஒரு வழக்கின் தீர்ப்பில் எழுதிய உச்ச நீதிமன்ற நீதிபதி ஜெகந்நாத ராவ், பின்னர் சட்ட ஆணையத் தலைவராகி, 2003இல் 186ஆம் அறிக்கையில் தனி நீதிமன்றங்களைப் பரிந்துரைத்தார். 2010 அக்டோபர் 18இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பிறந்தது. அதன் சட்டத்தின் 20ஆம் பிரிவு, வேலூர்த் தீர்ப்பின் இரு கோட்பாடுகளையும் நீடித்த வளர்ச்சியையும் தீர்ப்பாயம் கட்டாயம் பின்பற்ற வேண்டும் என்கிறது. தீர்ப்புகளில் மட்டும் நின்ற கோட்பாடு சட்டம் எழுதிவைத்த கடமையானது. இதுவே இவ்வரலாற்றின் முதன்மையான திருப்பம் என்பது என் கணிப்பு.

தீர்ப்பாய அமர்வில் நீதிபதிகளோடு வல்லுநர் உறுப்பினர்களும் இருப்பதன் பயனை அருணாசலப் பிரதேசத்தின் தவாங்கில் கண்டோம். நியாம்ஜாங் சூ நீர்மின் திட்டத்துக்கான ஆய்வறிக்கை, அங்கே குளிர்காலம் கழிக்கும் கருங்கழுத்துக் கொக்கை உரியபடி கணக்கில் கொள்ளவில்லை. 2016 ஏப்ரலில் தீர்ப்பாயம் அனுமதியை நிறுத்திவைத்து, மீண்டும் ஆராயச் சொன்னது. அனுமதித் தாளில் முத்திரை இருக்கிறதா என்பதோடு நில்லாமல், அதன் பின்னுள்ள அறிவியல் சரியா என்றும் கேட்டது.

தீர்ப்பாயத்தின் அதிகார எல்லைகளை உச்ச நீதிமன்றம் வகுத்தது. மூடப்பட்டிருந்த ஸ்டெர்லைட் தாமிர ஆலையைத் திறக்கலாம் என்ற தீர்ப்பாய ஆணையை, அதற்கு அதிகாரமில்லை என்று 2019 பிப்ரவரியில் நீக்கியது. 2021 அக்டோபரிலோ, தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கெடுக்கலாம் என்று உறுதிசெய்தது.

கோட்பாடு வென்ற அளவுக்குச் செயலாக்கம் வெல்லவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் பாலாற்றுத் தோல் ஆலை மாசு குறித்து மறுபடியும் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீட்டை வழங்கிவிட்டு, தொகையை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்குமாறும், கண்காணிப்புக்குக் குழு அமைக்குமாறும் அரசுக்கு ஆணையிட்டது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகள் கழிந்திருந்தன.