பார்வையற்றோர் கைக்கு வந்த படிப்பு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என்னிடம் உடம்பு பிடித்துவிட வருகிறவர்களில் பலர், மேசையில் குப்புறப் படுத்துக்கொண்டு ஒரே பேச்சைத்தான் பேசுவார்கள். "கடவுள் கண்ணை எடுத்துக்கிட்டு அந்தச் சக்தியை உங்க கையில குடுத்துட்டாருண்ணே." அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனாலும் அதை ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை. பயிற்சிக்குப் போகும் முன் என் கையும் எல்லார் கையையும் போலத்தான் இருந்தது. தோள்பட்டை எலும்பின் உள்ளோரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பிடித்து, எங்கே எலும்பு முடிகிறது, எங்கே இறுகிப்போன தசை தொடங்குகிறது என்று பிரித்தறியவே மாதக்கணக்கில் ஆனது. ஒரே தோளைத் திரும்பத் திரும்பத் தொட வைத்து, எலும்பின் பெயர், தசையின் பெயர், அது எங்கே தொடங்கி எங்கே போய் ஒட்டுகிறது என்று மனப்பாடமாகச் சொல்ல வைத்தார் என் ஆசிரியர். அவருக்கும் பார்வை கிடையாது. ஆகவே எங்கள் தொழில் எப்படி வந்தது என்று கேட்பவர்களிடம் நான் வரத்தைப் பற்றிப் பேசுவதில்லை. பள்ளிக்கூடங்களைப் பற்றிப் பேசுகிறேன்.

அதற்கு ஜப்பானுக்குப் போக வேண்டும். அங்கே பழைய மசாஜ் முறைக்கு அன்மா என்று பெயர். சீனாவிலிருந்து வந்த கலை. 8ஆம் நூற்றாண்டுச் சட்டத்தொகுப்புகளிலேயே அரசு மருத்துவத் துறையில் அன்மா ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடம் இருந்தது. ஆனால் அதைப் பார்வையற்றோரின் படிப்பாக மாற்றியவர் சுகியாமா வாயிச்சி. 1610இல் இசே பகுதியில் பிறந்தவர், சிறு வயதிலேயே பார்வையை இழந்தவர். எடோவுக்கு (இன்றைய டோக்கியோ) வந்து ஊசி வைத்தியம் கற்கச் சேர்ந்தார். சொன்னது மண்டையில் ஏறவில்லை என்று குரு அவரை அனுப்பிவிட்டார் என்றே வரலாறு சொல்கிறது. கண் போனால் கை தானாக வந்துவிடும் என்பவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும்.

அதன்பின் அவர் எனோஷிமா தீவின் குகைக்குப் போய் பென்சைத்தென் தெய்வத்தை நோக்கி விரதம் இருந்தார் என்பது கர்ணபரம்பரைக் கதை. பென்சைத்தென் நமக்கு அந்நியம் இல்லை. பௌத்தத்தோடு சீனா வழியாகப் போய்ச் சேர்ந்த நம் சரஸ்வதிதான். விரதம் முடிந்து திரும்பும் வழியில் கல் தடுக்கி விழுந்தவர் கையில், சுருண்ட இலைக்குள் நுழைந்திருந்த ஒரு பைன் ஊசியிலை குத்தியது. அதில் பிறந்ததுதான் ஊசி வைத்தியக் குழாய் என்பார்கள். கதை எப்படியோ போகட்டும், குழாய் நிஜம். ஊசியைவிடச் சற்றே குட்டையான மெல்லிய குழல். அதைத் தோலின் மேல் நிறுத்தி ஊசியை உள்ளே விட்டால், ஊசியின் தலை மட்டும் மேலே துருத்தி நிற்கும். ஆள்காட்டி விரலால் அதை லேசாகத் தட்டினால் போதும். இடமும் தப்பாது, ஆழமும் தப்பாது, வலியும் அவ்வளவாகத் தெரியாது. பார்வை இல்லாதவர் தடவிக் கண்ட புள்ளியை நழுவ விடாமல் பிடித்து வைப்பதற்கென்றே செய்தது போன்ற கருவி. இன்று உலகின் பல இடங்களில், நல்ல பார்வை உள்ளவர்களும், இந்தக் குழாயைப் பயன்படுத்துகிறார்கள்.

அன்று ஜப்பானை ஆண்ட ஷோகன் தோகுகாவா சுனயோஷிக்கு வைத்தியம் பார்க்கும் அளவுக்கு அவர் உயர்ந்தார். ஷோகனின் ஆதரவோடு 1680களில் பார்வையற்றோருக்கு ஊசி வைத்தியமும் அன்மாவும் கற்பிக்கும் பள்ளியைத் தொடங்கினார். பார்வையற்றோர் தொழில் படிக்க உலகில் முதலில் எழுந்த பள்ளிகளில் ஒன்று அது. 1694இல் அவர் இறந்த பிறகும், சீடர்கள் எடோவுக்கு வெளியே பல ஊர்களில் பள்ளிகள் நடத்தினார்கள்.

எல்லாமே மெச்சத்தக்கதாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். தோதோசா என்ற பார்வையற்றோர் சங்கத்தில் 73 படிநிலைகள்; மேலே ஏறப் பணம் கட்ட வேண்டும். உச்சப் பதவியான கெங்யோவை அடைய 700 பொற்காசுக்கு மேல் செலவாகும் என்பார்கள். மேலே இருந்தவர்கள் வட்டிக்கு விட்டுக் கொழித்தார்கள். கீழே இருந்தவர்களோ இரவில் குழல் ஊதிக்கொண்டு, "அன்மா, அன்மா" என்று தெருத்தெருவாகப் போனார்கள். 1962இல் படமாக வந்து புகழ்பெற்ற ஸாதோஇச்சி என்ற பார்வையற்ற கதாபாத்திரம் வாள் வீசும் வீரன்தான். ஆனால் அவன் பிழைப்பு உடம்பு பிடித்துவிடுவதே.

1871இல் மெய்ஜி அரசு அந்தச் சங்கத்தைக் கலைத்தது. பதவியோடு பாதுகாப்பும் போயிற்று. அந்த இடத்தை மெல்ல மெல்ல நிரப்பியவை பார்வையற்றோர் பள்ளிகள். 1878இல் கியோத்தோவில் ஒன்று, அடுத்து டோக்கியோவில் ஒன்று. பழைய நாடிப் பாதைகளோடு மேல்நாட்டு உடற்கூறும் பாடத்தில் சேர்ந்தது. 1911இல் அரசு விதிகள் வந்தன. தேர்வோ அங்கீகரித்த படிப்போ இல்லாமல் அன்மா செய்ய முடியாது என்றானது. என்னைக் கேட்டால், எங்கள் தொழிலுக்கு மரியாதை வந்தது அந்த ஆண்டில்தான். அதன் பிறகு அது யாரோ இரங்கிக் கொடுக்கும் பிழைப்பு அல்ல.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1947இல் பெரிய கண்டம் ஒன்று வந்தது. நேசநாட்டு ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் சுகாதார அதிகாரிகள் ஊசி வைத்தியத்தையும் சூட்டு வைத்தியத்தையும் அறிவியலுக்குப் புறம்பானவை என்று நிறுத்தப் பார்த்தார்கள். பார்வையற்றோர் திரண்டு எதிர்த்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் தொழிலைக் காக்கும் சட்டமே வந்தது. இன்று அங்கே குறைந்தது மூன்று ஆண்டுப் படிப்பு. உடற்கூறு, உடலியங்கியல், நோய்க்குறியியல் எல்லாம் உண்டு. முடிவில் தேசியத் தேர்வு. அதைப் பிரெயிலிலும் எழுதலாம்.

1964இல் இன்னொரு விதி சேர்ந்தது. பார்வையற்றோரின் பிழைப்பு கெடும் என்று தோன்றினால், பார்வையுள்ளோருக்கான புதிய மசாஜ் பள்ளிக்கு அரசு அனுமதி மறுக்கலாம். இது தொழில் சுதந்திரத்துக்கு எதிரானது என்று பள்ளி தொடங்க விரும்பியவர்கள் வழக்குப் போட்டார்கள். விதி செல்லும் என்று 2022 பிப்ரவரியில் ஜப்பானிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தச் செய்தியைக் கைப்பேசி வாசித்துக் காட்டியபோது, எங்கள் கடையில் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டோம்.

மலேசியாவில் எங்களுக்கு அப்படி ஒரு வேலி இல்லை. தெருவுக்குத் தெரு ஸ்பா வந்துவிட்டது. விலையைக் குறைத்து எங்களால் அவர்களோடு போட்டி போட முடியாது. வேலிகூட வேண்டாம், மூன்று ஆண்டுப் படிப்பைக் கொடுங்கள் என்றுதான் நான் கேட்கிறேன். மலாயிலும் தமிழிலும் பிரெயில் உடற்கூறு நூல்கள், தொட்டுப் படிக்க எலும்புக்கூடு, பாடம் எடுக்கப் பார்வையற்ற ஆசிரியர்கள், முடிவில் பார்வையுள்ளவர்களும் எங்களோடு சேர்ந்து எழுத வேண்டிய ஒரே தேர்வு.