வைத்தியர்கள் கூடிப் பேச ஒரு சட்டம்

"சும்மா விதண்டாவாதம் பண்ணாதே" என்று வீட்டில் பெரியவர்கள் அதட்டுவதுண்டு. இந்தச் சொல் வடமொழித் தர்க்க நூல்களில் இருந்து தமிழுக்கு வந்தது. தன் கட்சியை நிறுவாமல் எதிராளியின் கட்சியில் குற்றம் மட்டுமே கண்டுகொண்டிருப்பதுதான் விதண்டை. இப்படி விளக்கம் சொல்லும் பழைய நூல்களில் ஒன்று தத்துவ நூல் அல்ல, மருத்துவ நூல் என்பதுதான் ஆச்சரியம்!

அந்த நூல் சரக சம்ஹிதை. ஒரே தொழிலில் இருப்பவர்கள் ஒன்றுகூடிப் பேசும்போது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று விரிவாகச் சட்டம் வகுத்த மிகப் பழைய நூல்களில் இதுவும் ஒன்று.

நூலும் காலமும்

ஆத்ரேய புனர்வசு என்ற ஆசிரியரின் போதனைகளை அவரது மாணவர் அக்னிவேசர் நூலாக்கினார். அதைச் சரகர் திருத்தி அமைத்தார். பிற்காலத்தில் த்ருடபலர் என்பவர் விடுபட்ட பகுதிகளை நிரப்பினார். இது மரபு சொல்லும் வரலாறு. சரகரின் காலம் கி.பி. 1 அல்லது 2ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

நூலில் 8 பிரிவுகள், 120 அத்தியாயங்கள். 3ஆவது பிரிவான விமான ஸ்தானத்தின் 8ஆவது அத்தியாயத்தில்தான் இந்தச் சட்டங்கள் வருகின்றன. மருத்துவ அறிவு பெற 3 வழிகளை அது சொல்கிறது: கற்பது, கற்பிப்பது, அந்தத் துறை அறிந்தவரோடு உரையாடுவது. படிப்பு, பாடம் சொல்லுதல் ஆகியவற்றுக்குச் சமமாக உரையாடலும் வைக்கப்பட்டிருப்பது கவனிக்க வேண்டியது.

இன்று இருப்பது போல அன்று பட்டமோ, மருத்துவக் கவுன்சிலோ கிடையாது. ஒருவர் கற்றதில் பிழை இருந்தால் அதைக் காட்டிக்கொடுக்க இன்னொரு வைத்தியர்தான் உண்டு. அந்தப் பேச்சு நடக்காவிட்டால் பிழைக்கு விலை கொடுப்பவன் நோயாளி.

இரண்டு வகைப் பேச்சு

சரக சம்ஹிதை உரையாடலை இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று சந்தாய சம்பாஷை, அதாவது இணக்கமான பேச்சு. மற்றொன்று விக்ருஹ்ய சம்பாஷை, அதாவது மோதல் பேச்சு.

அறிவும் பொறுமையும் உள்ளவர், கோபப்படாதவர், பொறாமை இல்லாதவர் ஆகியோருடன் இணக்கமாகப் பேச வேண்டும். அதற்கான விதிகளின் சாரம் இது:

1. தயங்காமல் கேள். கேட்டவருக்குத் தயங்காமல் விளக்கிச் சொல்.
2. தோற்றுவிடுவோமோ என்று பயப்படாதே.
3. மற்றவர் தோற்றால் மகிழாதே. வெளியே போய்ப் பெருமையடிக்காதே.
4. தெரியாமல் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு பிடிவாதம் பிடிக்காதே.
5. எதிரில் இருப்பவருக்குத் தெரியாத விஷயத்தை இழுத்து அவரைச் சங்கடப்படுத்தாதே.
6. பணிவாகப் பேசியே இணங்க வை.

இன்னொரு விதியும் உண்டு. வைத்தியர்கள் வாதம் செய்தால் மருத்துவத்தைப் பற்றி மட்டுமே செய்ய வேண்டும், வேறு விஷயத்துக்குத் தாவக்கூடாது. இன்றும் எந்தக் கூட்டத்திலும் முதலில் மீறப்படுவது இந்த விதிதான்!

மறுபக்கம்

இத்துடன் நூல் நின்றிருந்தால் அது நல்ல அறிவுரைகளின் தொகுப்பாக மட்டும் இருந்திருக்கும். ஆனால் அடுத்து மோதல் பேச்சில் ஜெயிக்கும் தந்திரங்களையும் அது ஒளிக்காமல் சொல்லித் தருகிறது.

எதிராளி நம்மைவிட மேலானவரா, சமமானவரா, தாழ்ந்தவரா என்று முதலில் எடை போட வேண்டும். சபை கற்றவர் சபையா, கல்லாதவர் சபையா, அது நமக்கு நட்பா, பகையா, நடுநிலையா என்றும் பார்க்க வேண்டும். மேலானவரோடு மோதவே கூடாது. படிப்புக் குறைந்தவரை நீளமான சூத்திரப் பாடத்தால் அமுக்கலாம். நினைவாற்றல் குறைந்தவரைச் சுற்றி வளைத்த வாக்கியங்களால் குழப்பலாம். பேச்சு வராதவரைப் பாதியிலேயே இடைமறிக்கலாம். கோபக்காரரைச் சீண்டிக் களைப்படையச் செய்யலாம். பயந்தவரை மிரட்டலாம். வாதம் தொடங்கும் முன்பே சபையாரோடு பேசி வைத்துக்கொள்ளலாம் என்றுகூட ஒரு யோசனை வருகிறது.

நோயாளியின் உயிரைப் பற்றிய நூலில் இது ஏன்? ஒரு வைத்தியரின் பெயரும் பிழைப்பும் நாலு பேர் முன்னிலையில் அவர் எப்படி நின்றார் என்பதோடு கட்டுண்டிருந்தன. போலி வைத்தியர்களைப் பற்றி இந்த நூலே பல இடங்களில் எச்சரிக்கிறது. வாய்ஜாலம் தெரிந்த போலியிடம் நல்ல வைத்தியர் தோற்றால் நோயாளிகள் போலியிடம்தான் போவார்கள். ஆகவே தற்காப்புக் கலை போல இதையும் கற்க வேண்டியிருந்தது என்று எண்ண இடமுண்டு.

ஆனாலும் நூல் ஒரு எச்சரிக்கையைச் சேர்க்கிறது. மோதல் பேச்சு சிலரிடம் கடும் பகையை மூட்டும். கோபம் கொண்டவன் எதையும் செய்வான், எதையும் சொல்வான். ஆகவே நல்லோர் சபையில் சண்டையை அறிவாளிகள் விரும்புவதில்லை.

செக்கைச் சுற்றும் வாதம்

விதிகள் நடைமுறையில் எப்படி இருந்தன என்பதற்கு நூலின் முதல் பிரிவில் காட்சிகள் உண்டு. சைத்ரரதம் என்ற வனத்தில் முனிவர்கள் கூடிச் சுவைகள் எத்தனை என்று பேசுகிறார்கள். ஒருவர் 1 என்கிறார், அடுத்தவர் 2, இப்படியே 8 வரை போகிறது. காங்காயனர் என்பவர் எண்ணிக்கையே இல்லை என்கிறார். எல்லோரையும் கேட்ட பிறகே ஆத்ரேயர் 6 என்று காரணங்களோடு முடிக்கிறார். தவறான கருத்துகளும் சொன்னவரின் பெயரோடு நூலில் பதிவாகியிருப்பது அழகு.

மற்றொரு சபையில் மனிதனும் நோயும் எதிலிருந்து தோன்றின என்று கேள்வி. ஆளுக்கொரு காரணத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். அப்போது ஆத்ரேயர் குறுக்கிடுகிறார். ஒரு பக்கத்தையே பிடித்துக்கொண்டு வாதாடுபவர்கள், செக்கோடு சுற்றுபவனைப் போலச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள், முடிவுக்கு வரமாட்டார்கள் என்பது அவர் சொன்னதன் கருத்து.

விளைவு

பிரதிக்ஞை, ஹேது, உதாரணம், தோல்வி நிலை என்று வாதத்துக்குரிய 44 சொற்களை இந்த அத்தியாயம் வரையறுக்கிறது. இவற்றில் பல நியாய சூத்திரத்திலும் வருகின்றன. இந்தியத் தர்க்கவியலே வைத்தியர்களின் விவாதங்களில் இருந்து வளர்ந்திருக்கலாம் என்று தத்துவ வரலாற்றாசிரியர் சுரேந்திரநாத் தாஸ்குப்தா தம் நூலின் 2ஆம் தொகுதியில் (1932) வாதிட்டார். எல்லோரும் அதை ஏற்கவில்லை என்றாலும் அந்த உறவை யாரும் ஒதுக்கிவிட முடியாது.

ஜெயிக்கும் வழியையும் கற்பித்து, ஜெயிப்பதற்காகப் பேசாதே என்றும் சொன்ன நூல் இது. இரண்டும் அதே அத்தியாயத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. முதலில் வைக்கப்பட்டது இணக்கமான பேச்சுதான். ஏனென்றால் வாதத்தில் யார் வென்றாலும், வெளியே மருந்துக்காகக் காத்திருப்பவனுக்கு வேண்டியது சரியான பதில் மட்டுமே.