நாய் வரைந்த பொம்மையும் ஆச்சியின் கம்மலும்

போன ஞாயிற்றுக்கிழமை நாக்பூரில் நல்ல மழை. இரண்டாம் வகுப்பு படிக்கும் சின்னவள் கிரேயான் டப்பாவை மூடி வைத்துவிட்டு, "அப்பா, நான் இனிமே படம் வரையல. அக்கா போன்ல டைப் பண்ணினா அதுவே என்னைவிட நல்லா வரையுதே" என்றாள். தங்கமணி என்னைப் பார்த்தார், நீங்களே பதில் சொல்லுங்க என்பது போல.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் லெட்ஜரிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாறினோம். வட்டிக் கணக்கை அது போட ஆரம்பித்ததில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. ஆனால் ஏழு வயசுப் பிள்ளை கிரேயானை மூடி வைப்பது வேறு விஷயம் இல்லையா? நமக்கோ பி.காம். ஞானம்தான். எப்போதோ படித்த ஒரு பொம்மைக் கதையை எடுத்துவிட்டேன்.

சுவிட்சர்லாந்தில் ழாக்கே-த்ரோ என்று ஒரு கடிகாரக் குடும்பம். 1774ல் அவர்கள் மூன்று பொம்மைகளை மக்களுக்குக் காட்டினார்கள். ஒன்று எழுதும், ஒன்று இசைக்கும், ஒன்று படம் வரையும். வரைவது ஒரு சின்னப் பையன். பென்சிலால் நிஜமாகவே வரைவான். நடுநடுவே காகிதத்தில் இருக்கும் பென்சில் தூளை வாயால் ஊதுவான்! உள்ளே மேடுபள்ளமாக வெட்டிய உலோகத் தகடுகள் சுழலும். அதன்படி கை நகரும். அவனுக்குத் தெரிந்தது மொத்தம் நாலே படம். அதில் ஒன்று நாய். பக்கத்தில் பிரெஞ்சில் 'என் நாய்க்குட்டி' என்றும் எழுதுவான். நியூஷாத்தல் அருங்காட்சியகத்தில் இந்த மூன்றும் இன்றும் ஓடும் நிலையில் இருக்கின்றன.

"அந்தப் பையன்கிட்ட நாய் இருந்துச்சா?" என்று கேட்டேன். சின்னவள் சிரித்துவிட்டாள்.

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தால், ஒன்பதாவது படிக்கும் பெரியவள் விடவில்லை. "அது கீ கொடுக்கிற பொம்மைப்பா. ஏ.ஐ. போட்ட படத்தையே திரும்பப் போடாது." நியாயமான கேள்விதான். பாபேஜின் கணக்கு இயந்திரத்தைப் பற்றி 1843ல் எழுதிய அடா லவ்லேஸ், அது தானாக எதையும் தோற்றுவிக்காது, நாம் கட்டளையிடத் தெரிந்ததை மட்டுமே செய்யும் என்றார். அந்தப் பதிலும் பெரியவளுக்குப் போதாது.

அதனால் ஹரால்ட் கோஹனுக்கு வந்தேன். 1966 வெனிஸ் பியன்னாலேயில் பிரிட்டன் சார்பில் பங்கேற்ற ஓவியர் இவர். பிறகு கலிஃபோர்னியா போய், புரோகிராம் எழுதக் கற்று, 'ஆரன்' என்ற வரையும் புரோகிராமை 1970களில் உருவாக்கினார். 2016ல் இறக்கும் வரை அதையே செதுக்கிக்கொண்டிருந்தார். குழந்தைகள் முதலில் கன்னாபின்னாவென்று கிறுக்கும். ஒருநாள் அந்தக் கிறுக்கலைச் சுற்றி ஒரு கோடு போட்டு மூடும். அந்த நிமிஷமே கிறுக்கல் 'ஏதோ ஒன்று' ஆகிவிடும். இதைக் கவனித்த கோஹன் ஆரனுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தார்: முதலில் கிறுக்கு, பிறகு அதைச் சுற்றிக் கோடு போடு.

நம்ம சின்னவளும் இரண்டரை வயதில் வாடகை வீட்டுச் சுவரில் இதைத்தான் செய்தாள். கோணல் வட்டம் ஒன்றைப் போட்டு, "ஆச்சி" என்றாள். (காலி செய்யும்போது பெயின்ட் அடித்த செலவு தனிக்கதை.) சுற்றிக் கோடு போட ஆரன் கற்றுக்கொண்டது. ஆனால் கோட்டைக் காட்டி "ஆச்சி" என்று கூப்பிட அதற்கு ஊரில் யாரும் இல்லை.

இன்றைய ஏ.ஐ.க்கு யாரும் கோடு கோடாகச் சொல்லித்தருவதில்லை. 2022ல் வெளியான லையான்-5பி என்ற திரட்டில் மட்டும் 585 கோடி படங்களின் இணைப்புகள், ஒவ்வொன்றுக்கும் விளக்க வரியோடு. இப்படிப்பட்ட திரட்டுகளிலிருந்துதான் அது பழகுகிறது. அத்தனையும் யாரோ வரைந்து, யாரோ படம் பிடித்துப் போட்டது.

"சரி, ரெண்டு பேரும் திருநெல்வேலி ஆச்சியை வரையுங்க" என்றேன். பெரியவள் டைப் செய்தாள். பத்து விநாடியில் விளம்பரப் பாட்டி ஒருத்தி வந்தாள். வெள்ளி முடி, பட்டுச்சேலை, பளபள கம்மல். சின்னவள் டப்பாவைத் திறந்து முக்கால் மணி நேரம் வரைந்தாள். வீட்டைவிட ஆச்சி உயரம். கண்ணாடிக்கு நூல் கட்டியிருந்தது.

வாட்ஸப்பில் அம்மாவுக்கு அனுப்பினோம். உடனே போன். "ஏட்டி, ஒரு காதுல கம்மலைக் காணோமே?"

"அதான் மே மாசம் கிணத்துல விழுந்துட்டுல்லா ஆச்சி" என்றாள் சின்னவள்.