மற்போரும் சுமோவும்: ஆட்டத்தைப் பார்க்கக் கற்றுத் தருபவர் யார்?



மல்லன் என்னும் சொல்லை இன்றைய மாணவர்கள் பெரும்பாலும் மாமல்லபுரம் என்னும் ஊர்ப்பெயரில்தான் சந்திக்கின்றனர். 7ஆம் நூற்றாண்டில் காஞ்சியை ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மனுக்கு 'மாமல்லன்' என்பது பட்டப்பெயர். பெரும் மல்லன் என்பது அதன் பொருள். மற்போர் வல்லவன் எனப்படுவதை ஓர் அரசன் பெருமையாகக் கருதிய காலம் அது. அந்த மற்போரைப் பற்றி இன்று நாம் அறிந்திருப்பவை மிகச் சில. அதே வகை ஆட்டமான சுமோவோ, ஜப்பானில் இன்றும் ஆண்டுக்கு ஆறு முறை பதினைந்து நாள் திருவிழாவாக நடைபெறுகின்றது. இந்த வேறுபாடு எதனால் வந்தது? இக்கேள்விக்கு எனக்குத் தோன்றிய விடையை இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

1. ஆமூர்க் களம்

புறநானூற்றில் 80 முதல் 85 வரையுள்ள ஆறு பாடல்கள் சோழன் போர்வைக் கோப்பெருநற்கிள்ளி என்பவனைப் பற்றியவை. அவற்றுள் முதல் மூன்றைச் சாத்தந்தையாரும், பின் மூன்றைப் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையாரும் பாடியுள்ளனர். முக்காவல் நாட்டு ஆமூரைச் சேர்ந்த மல்லன் ஒருவனோடு கிள்ளி பொருது வென்ற செய்தியை இப்பாடல்கள் வழியாகவும் அவற்றின் பழைய குறிப்புகள் வழியாகவும் அறிகின்றோம்.

சாத்தந்தையார் வெறுமனே 'வென்றான்' என்று சொல்லி நிறுத்தவில்லை. பிடியை நமக்குக் காட்டுகின்றார். கிள்ளியின் ஒரு கால் எதிரியின் மார்பில் மண்டியிட்டு நிற்கின்றது. மற்றொரு கால் எதிரியின் சூழ்ச்சியைத் தடுத்து முதுகை வளைக்கின்றது. பசித்த யானை மூங்கிலை முறிப்பதுபோலத் தலையும் காலும் ஒருங்கே மோதித் தாக்கினானாம். இக்காட்சியை அவன் தந்தை தித்தன் பார்க்க வேண்டும். மகிழ்ந்தாலும் மகிழாவிட்டாலும் பார்த்தே ஆகவேண்டும் என்கின்றார் புலவர். தந்தைக்கும் மகனுக்கும் இடையில் இருந்த மனக்கசப்பை இதிலிருந்து உணரலாம்.

போரின் வேகத்திற்கு அவர் காட்டும் உவமை இன்னும் வியப்புக்குரியது. ஊரில் திருவிழா தொடங்கிவிட்டது; வீட்டில் மனைவிக்குப் பிள்ளைப்பேறு; வெளியே மழை; பொழுதும் சாய்கின்றது. இந்நிலையில் ஒரு தொழிலாளி கட்டில் பின்னினால் அவன் கை ஊசி எவ்வளவு விரைவாக ஓடும்? அதைவிட விரைவாக முடிந்ததாம் அந்தப் போர்!

2. ரியோகோகு மன்றத்தில்

சில ஆண்டுகளுக்கு முன் செப்டம்பர் மாதச் சுமோ போட்டியைத் தோக்கியோ நகரின் ரியோகோகு பகுதியில் காணும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. இப்பயணத்தைக் கேள்வியுற்ற எங்கள் வட்டாரப் பெரியவர் ஒருவர், “சயாமுக்கு நம்மவர்களை இரயில் பாதை போடக் கொண்டுபோனவர்களின் விளையாட்டையா பார்க்கப் போகின்றீர்கள்?” என்று கேட்டார். நியாயமான கேள்வியே. 1942, 1943ஆம் ஆண்டுகளில் 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த மரண இரயில் பாதையில் மாண்டவர்களுள் கெடா தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர்களும் உண்டு. அப்போரின்போது, 1944இல், ரியோகோகுவில் இருந்த பழைய சுமோ மன்றத்தையே ஜப்பானிய இராணுவம் பலூன் குண்டு செய்யும் இடமாக மாற்றிக்கொண்டது. இவற்றை நெஞ்சில் வைத்துக்கொண்டேதான் நான் சென்றேன். வரலாறு அறிந்தவர் கண்களை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. இன்னும் அகலமாகத் திறந்து பார்க்கலாம்.

இன்றைய மன்றம் 1985இல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 11,000 பேர் அமரலாம். எங்கள் குழுவுக்கு வழிகாட்டியாக வந்தவர் அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார். காலை எட்டரை மணியளவில் இளநிலை வீரர்களின் ஆட்டம் தொடங்கி, மாலை ஆறு மணிக்கு உயர்நிலை வீரர்களின் ஆட்டத்துடன் நிறைவுறும். நாங்கள் பிற்பகலில் நுழைந்தோம்.

முதல் அரை மணி நேரம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இரு பருத்த மனிதர்கள் மேடையேறுகின்றனர், காலைத் தூக்கித் தரையை மிதிக்கின்றனர், உப்பை அள்ளி வீசுகின்றனர், குந்துகின்றனர், எழுந்து மீண்டும் மூலைக்குப் போகின்றனர். நான்கு நிமிடம் வரை இப்படியே கழிகின்றது. பிறகு மோதல், சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடுகின்றது. என் பக்கத்தில் இருந்தவர் கொட்டாவி விட்டார்.

அப்போது அம்மையார், “வயிற்றைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள்,” என்றார். அதன்பின் ஒவ்வொன்றாக விளக்கினார்.

• வட்டத்தின் விட்டம் 4.55 மீட்டர். களிமண் மேடையின்மேல் வைக்கோல் பொதிகளைப் புதைத்து, ஒவ்வொரு போட்டிக்கும் புதிதாக அமைக்கின்றனர்.

• உள்ளங்கால் தவிர உடலின் எந்தப் பகுதி முதலில் தரையைத் தொட்டாலும் தோல்வி. வட்டத்திற்கு வெளியே கால் பட்டாலும் தோல்வி. எடைப் பிரிவு கிடையாது.

• தரையை மிதிப்பது தீய ஆவிகளை விரட்டுவதற்கு. உப்பு களத்தைத் தூய்மை செய்வதற்கு. உயர்ந்த இரு பிரிவு வீரர்களே உப்பு வீசுவர்.

• மேடைக்குமேல் தொங்கும் கூரை ஷிந்தோ கோயிலின் கூரையைப் போன்றது. அதைத் தாங்கிய நான்கு தூண்களை, பார்ப்பவருக்கு மறைக்கின்றன என்று 1952இல் நீக்கிவிட்டனர். அவற்றுக்கு மாற்றாக நான்கு நிறக் குஞ்சங்கள் தொங்குகின்றன. அவை நான்கு திசைகளையும் நான்கு பருவங்களையும் குறிக்கும்.

• வெற்றி கொள்ளும் முறைகள் 82 எனப் பெயரிட்டு வகைப்படுத்தியுள்ளனர். ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் எந்த முறையில் வென்றார் என்பதை ஒலிபெருக்கியில் அறிவிக்கின்றனர்.

இதன்பின் நான் பார்த்த ஆட்டம் வேறு! அந்த நான்கு நிமிடமும் வீண் பொழுதாகத் தோன்றவில்லை. யார் கண் தாழ்கின்றது, யார் மூச்சை அடக்குகின்றார் என்று கவனிக்கத் தொடங்கினேன். சிறிய உடலினர் ஒருவர் பக்கவாட்டில் நகர்ந்து, தம்மைவிட மிகப் பெரியவரின் இடைக்கச்சையைப் பற்றிச் சாய்த்தபோது நானும் எழுந்து கைதட்டினேன். கொட்டாவி விட்டவரும் எழுந்து நின்றார். கட்டில் பின்னும் ஊசியின் வேகத்தை அங்கேதான் நான் கண்ணாரக் கண்டேன்.

3. வென்றவர் யார்?

ஓர் ஆட்டத்தில் இருவரும் ஒருசேர விழுந்தனர். நடுவர் தம் விசிறியை ஒருபக்கம் நீட்டினார். கீழே அமர்ந்திருந்த ஐந்து தீர்ப்பாளர்கள் மேடையேறிக் கலந்து பேசினர். வட்டத்தைச் சுற்றி மென்மணலைப் பரப்பிச் சீவி வைத்திருப்பது ஏன் என்பது அப்போதுதான் தெரிந்தது. கால் வெளியே பட்டிருந்தால் மணல் சாட்சி சொல்லும். தலைமை நடுவர்கள் இடையில் ஒரு குறுங்கத்தி செருகியிருப்பர். தவறான தீர்ப்புக்கு உயிரையே கொடுப்பேன் என்பதன் அடையாளம் அது என்றார் அம்மையார். ஆயினும் தவறு நேராமல் இல்லை. 1969ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், தொடர்ந்து 45 வெற்றிகள் பெற்றிருந்த தைஹோ என்னும் மாபெரும் வீரர் தோற்றதாகத் தீர்ப்பளித்தனர். எதிராளியின் கால்தான் முதலில் வெளியே பட்டது என்பதைப் படக்காட்சிகள் பின்னர்க் காட்டின. அதற்கடுத்த போட்டியிலிருந்து தீர்ப்பாளர்கள் ஒளிப்பதிவின் துணையை நாடலாயினர்.

இதைக் கேட்டபோது என் நினைவுக்கு வந்தவர் நக்கண்ணையார். புறநானூற்றின் 85ஆம் பாடலிலும் இதே பூசல்தான். கிள்ளிக்கு அது சொந்த ஊருமன்று, சொந்த நாடுமன்று. ஆதலால் கூட்டத்தில் ஒருசாரார் அவன் வென்றான் என்கின்றனர். மறுசாரார் இல்லை என்கின்றனர். நக்கண்ணையார் காற்சிலம்பு ஒலிக்க ஓடிவந்து ஒரு பனைமரத்தைச் சார்ந்து நின்று பார்க்கின்றார். அவன் வென்றதைத் தாம் கண்டதாகச் சொல்கின்றார். ஆமூரில் ஒளிப்பதிவு இல்லை. சீவிய மணலும் இருந்ததாகத் தெரியவில்லை. நமக்குக் கிடைத்திருக்கும் சாட்சி அப்பெண்ணின் சொல் மட்டுமே. அவர் கிள்ளியின்மீது காதல் கொண்டவர் என்பதையும் பாடல்களே காட்டுகின்றன. நடுநிலைச் சாட்சி அல்லர் என்று மாணவர் சொன்னால் மறுக்காதீர்கள். வரலாற்றுச் சான்றை எடைபோட அவர் கற்றுக்கொண்டுவிட்டார் என்று பொருள்!

4. மறைக்காமல் சொன்னவை

அம்மையார் சுமோவின் குறைகளையும் மறைக்கவில்லை. அந்த மேடையில் பெண்கள் கால் வைக்கக் கூடாது என்பது மரபு. 2018ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் மைசுரு நகரில், மேடையில் பேசிக்கொண்டிருந்த நகரத் தலைவர் மயங்கி விழுந்தார். முதலுதவி செய்ய ஓடிய பெண்களை மேடையை விட்டு இறங்குமாறு ஒலிபெருக்கியில் அறிவித்தனர். பின்னர்ச் சுமோ சங்கம் மன்னிப்புக் கேட்டது. இதைச் சொன்னபோது அம்மையாரின் குரல் தாழ்ந்தது. 2011இல் ஆட்டங்களை முன்னரே பேசி முடித்த ஊழல் வெளிப்பட்டு, அவ்வாண்டு மார்ச் மாதப் போட்டியே கைவிடப்பட்டதையும் கூறினார்.

தம் நாட்டு மரபை நேசிப்பவர் அதன் குறையையும் விருந்தினரிடம் சொல்ல முடிகின்றதே என்று வியந்தேன். புகழ்ச்சி மட்டும் கேட்டிருந்தால் இவ்வளவு நம்பிக்கை எனக்கு ஏற்பட்டிருக்காது.

5. பெயரில்லாத மல்லன்

சுமோவின் பழங்கதை 720இல் தொகுக்கப்பட்ட நிகோன் ஷோகி என்னும் நூலில் உள்ளது. நோமி நோ சுகுனே, தைமா நோ கெஹாயா என்னும் இருவர் மன்னன் முன் மோதிய கதை அது. அதில் தோற்றவனுக்கும் பெயர் இருக்கின்றது! 18ஆம் நூற்றாண்டிலிருந்து வீரர்களின் தரவரிசைப் பட்டியலை அச்சிட்டு வருகின்றனர். இன்றும் நடுவர்களே அதைத் தூரிகையால் எழுதுகின்றனர். ஆதலால்தான் 1825இல் மறைந்த ரைதென் என்னும் வீரர் 254 வெற்றியும் 10 தோல்வியும் பெற்றவர் என்று இன்றும் சொல்ல முடிகின்றது.

நம் ஆமூர் மல்லனின் பெயர் என்ன? தெரியாது. 'ஆமூர் மல்லன்' என்பதோடு சரி. ஆறு பாடல்கள் கிடைத்தும் தோற்றவனின் பெயர் கிடைக்கவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். மலாயாவில் 1950ஆம் ஆண்டுகளில் மேடை மல்யுத்தம் பெரும் புகழ் பெற்றிருந்தது. அங்கேரியில் பிறந்த கிங்காங்கையும் பஞ்சாபிலிருந்து வந்த தாரா சிங்கையும் நம் முதியவர்கள் இன்றும் பெயர் சொல்லிப் பேசுவர். நாளேடுகளும் சுவரொட்டிகளும் அப்பெயர்களைப் பதித்து வைத்தன. அதே காலத்தில் கெடா தோட்டத் திடல்களில் மாலை நேரத்தில் சடுகுடு ஆடியவர்களும் சிலம்பம் சுற்றியவர்களும் யார்? அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த வாத்தியார் யார்? பால்மரம் வெட்டிச் செம்பனை நட்டபோதும், தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், மக்கள் நகரங்களுக்குப் பிரிந்தபோதும் அத்திடல்களோடு அப்பெயர்களும் போய்விட்டன. ஆமூர் மல்லனுக்கு நேர்ந்ததே அவர்களுக்கும் நேர்ந்துகொண்டிருக்கின்றது.

6. நாம் செய்யக்கூடியவை

சுமோவுக்கு அரசர் ஆதரவும் செல்வர் ஆதரவும் இருந்தன என்பது உண்மையே. எனினும் ஆதரவு குன்றிய காலமும் அதற்கு உண்டு. 1868க்குப் பின் மேலைநாட்டு நாகரிகம் பரவியபோது, சுமோவை நாகரிகமற்றது என்று பலர் ஒதுக்கினர். 1884இல் பேரரசர் மெய்ஜி நேரில் அமர்ந்து பார்த்தது அதன் மதிப்பை மீட்டது. அந்நிலையிலும் காப்பதற்குப் பெயர்களும் முறைகளும் ஏட்டில் இருந்தன. பார்ப்பவருக்கு விளக்கிச் சொல்ல ஆள்களும் இருந்தனர். ஆடுபவர் மட்டும் இருந்தால் ஓர் ஆட்டம் ஒரு தலைமுறை வாழும். பார்க்கத் தெரிந்தவரும் எழுதி வைப்பவரும் இருந்தால் அது பல தலைமுறை வாழும். என் கேள்விக்கு நான் கண்ட விடை இதுவே.

ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் மூன்று வேண்டுகோள்கள்:

• பிள்ளைகளைச் சிலம்பப் போட்டிக்கோ கபடிப் போட்டிக்கோ அழைத்துச் செல்லும்முன், எதைப் பார்க்க வேண்டும் என்று பத்து நிமிடம் சொல்லிக்கொடுங்கள். காலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

• வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால், அவர்கள் தோட்டத்தில் என்ன ஆடினர், யார் கற்றுக்கொடுத்தார், தோற்றவர் யார் என்று பிள்ளைகளையே கேட்டு எழுதச் செய்யுங்கள். ஊர், ஆண்டு, பெயர் மூன்றும் கட்டாயம் இருக்கட்டும்.

• அந்த ஏடுகளைப் பள்ளி நூலகத்தில் வையுங்கள். குறைகளையும் எழுதுங்கள். அன்று பெண் பிள்ளைகளைத் திடலில் சேர்க்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள்.

தஞ்சோங் டாவாயில் மெர்போக் ஆற்றின் முகத்துவாரத்தைப் பார்த்தபடி இதை எழுதுகின்றேன். ஆற்றின் மேற்பகுதியில் பூஜாங் பள்ளத்தாக்கு உள்ளது. அங்குக் கல்லில் எழுதியவை 1,500 ஆண்டு கடந்தும் கிடைத்திருக்கின்றன. ஏட்டில் எழுதப் பிள்ளைகளுக்கு ஒரு பென்சில் போதும். கேட்டுச் சொல்லக் கூடிய முதியவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கின்றனர். வரும் பள்ளி விடுமுறையிலேயே தொடங்குங்கள்.