ஃபர்மாயிஷ்: ஒரு சொல்லும் சில அஞ்சலட்டைகளும்

பாரசீகத்தில் 'ஃபர்மூதன்' எனும் வினைக்கு ஆணையிடுதல் என்று பொருள். அரசாணையைக் குறிக்கும் 'ஃபர்மான்' அதிலிருந்து பிறந்தது. 'ஃபர்மாயிஷ்' என்பதும் அவ்வேரினதே. வட இந்திய இசையரங்குகளில் இச்சொல் கேட்பவரின் விருப்பத்தைக் குறிக்கும். அரண்மனை மெஹஃபில்களிலோ அதற்கு அடிச்சொல்லின் கனம் மிஞ்சியிருந்தது. இன்ன ராகம் பாடுக என்று பணிப்பது பெரும்பாலும் புரவலரின் உரிமை. ஏனையோருக்கு 'வாஹ்' என்று தலையசைக்கும் உரிமை.

விடுதலைக்குப் பின் சமஸ்தானங்கள் இணைந்தன. உஸ்தாதுகளுக்குப் படியளந்த கையும் மறைந்தது. அவ்விடத்தை அகில இந்திய வானொலி நிரப்பியது. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் சாஸ்திரிய இசைப் பற்றாளர். அவர் காலத்தில் கலைஞர்கள் தேர்வுக்கு உட்படுத்தப்பட்டுத் தரம் பிரிக்கப்பட்டனர். தேசிய இசை நிகழ்ச்சியும் தொடங்கிற்று. அதனால் பல கலைஞர் குடும்பங்கள் பிழைத்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் கேட்பவர் எதை விரும்ப வேண்டும் என்பதையும் அமைச்சகமே தீர்மானித்தது.

கேஸ்கர் திரைப்பாடலைத் 'தடை' செய்தார் என்பது வழக்கமான கூற்று. நிகழ்ந்தது சற்றே வேறு. பாடல்கள் வடிகட்டப்பட்டன, படத்தின் பெயரைச் சொல்வது விளம்பரமாகும் என்று கருதிப் பாடகர் பெயர் மட்டும் அறிவிக்கப்பட்டது. சினமுற்ற தயாரிப்பாளர்கள் ஒலிபரப்பு உரிமத்தைத் திரும்பப் பெற்றனர். இதிலொரு முரண் உண்டு. 1949இல் வெளிவந்த 'மஹல்' படத்தின் இசைத்தட்டில் லதா மங்கேஷ்கரின் பெயர் இல்லை. கதைப்பாத்திரமான காமினியின் பெயரே அச்சாகியிருந்தது. பாடியவர் யாரென்று வானொலிக்கு எழுதிக் கேட்டவர்கள் நேயர்களே. பாடகரின் பெயருக்கு முதலில் குரல் கொடுத்தது, பின்னாளில் அமைச்சகம் ஐயுற்ற அதே ரசனைதான்.

நேயர்கள் வாதிடவில்லை, அலைவரிசையை மாற்றினர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நேச நாடுகளின் படைகளுக்காக நிறுவப்பட்ட வலுவான சிற்றலை ஒலிபரப்பி கொழும்பில் இருந்தது. அதனைக் கொண்டு இலங்கை வானொலி இந்தித் திரைப்பாடல்களை இந்தியாவெங்கும் பரப்பியது. 1952 டிசம்பரில் அமீன் சயானியின் 'பினாகா கீத்மாலா' தொடங்கிற்று. வாரந்தோறும் ஆயிரக்கணக்கில் கடிதங்கள் குவிந்தன. செலவை ஏற்றது ஒரு பற்பசை நிறுவனம். நவாபின் இடத்தில் வணிகர் அமர்ந்தார் என்று இதை எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் நவாபின் அவையில் அஞ்சலட்டைக்கு இடமிருந்ததில்லை.

அந்த அட்டைகளால் புகழ்பெற்ற ஊர், அன்றைய பீகாரின் ஜும்ரி தலையா. மைக்கா சுரங்கங்களை அண்டிய சிற்றூர். பாடலுக்கு முன் அறிவிப்பாளர் வாசிக்கும் பெயர்ப்பட்டியலில் அவ்வூர் இடையறாது ஒலித்தது. பாட்டைக் கேட்கும் ஆவலோடு, தம் பெயர் பாடகரின் பெயருக்கு அருகில் ஒலிப்பதைக் கேட்கும் ஆவலும் அதில் கலந்திருந்தது.

அரசு இறங்கிவந்தது. 1957 அக்டோபர் 3 அன்று விவித் பாரதி பிறந்தது. அதன் நேயர் விருப்ப நிகழ்ச்சிகளுள் ஒன்றின் பெயர் 'ஆப் கீ ஃபர்மாயிஷ்', அதாவது 'தங்கள் ஆணை'. 'ஆப்' என்பது இந்தியில் மரியாதைப் பன்மை.